ரங்கூனிலிருந்து போன பூனையும் இறந்த குட்டிகளின் கணக்கும்

எமது பாட்டன்மார் காலத்தில் ரங்கூன் என்றால் அரிசி. 1942 இல் யப்பானியப் படைகள் பர்மாவைப் பிடிக்கும் வரை இலங்கையின் சோற்றுப் பானைக்குப் பெரும் பங்கு அரிசி அங்கிருந்துதான் கப்பலில் வந்தது. அந்த வரத்து நின்றபோதுதான் பங்கீட்டு அரிசி எங்கள் ஊர்களுக்கு வந்தது. தமிழ்நாட்டவருக்கோ ரங்கூன் என்றால் செட்டிமாரின் வட்டிக்கடைகள், தேக்கு மரம், துறைமுக வேலை. 1931 குடிசன மதிப்பீட்டில் அந்த நகரத்து மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்தியர்கள். 1871 இல் தமிழர்கள் கட்டிய காளி கோயில் இன்றும் அங்கே இருக்கிறது. நகரத்தின் பெயர் மட்டும் 1989 முதல் யாங்கோன்.

அந்த நகரத்திலிருந்து 1930 ஆம் ஆண்டு கப்பலேறிய ஒரு பெட்டைப் பூனையின் வம்சம்தான் இன்று உலகம் முழுவதும் 'பர்மிஸ்' என்ற பெயரில் விற்கப்படுகிறது. அதன் கதை பூனைப் பிரியர்களுக்கு மட்டுமான கதை அல்ல. ஒரு உயிரை அதன் அழகுக்காகத் தலைமுறை தலைமுறையாகத் திருத்திக்கொண்டே போனால் அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதை இந்த இனத்தின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

இதை இங்கே எழுதக் காரணம் உண்டு. நாம் வாழும் நாடுகளில் எமது பிள்ளைகள் பூனை கேட்கிறார்கள். ஊரில் பூனை விலைக்கு வாங்கும் பொருளாக இருக்கவில்லை. அடுத்த வீட்டில் குட்டி போட்டால் ஒன்றைத் தூக்கி வருவோம். எலி பிடிக்கும், மீன் தலை தின்னும், அடுப்படியில் படுக்கும். இங்கே பிள்ளைகள் கைத்தொலைபேசியில் பார்த்துக் கேட்பது தட்டை முகப் பூனை, காது மடிந்த பூனை, முடியே இல்லாத பூனை. விலை ஆயிரக்கணக்கில் போகிறது. பணம் கொடுக்கும் பெற்றோருக்கு அந்த முகமும் காதும் எப்படி உண்டாகின என்பதை யாரும் சொல்வதில்லை.

வொங் மாவ் என்ற பெட்டை

ஜோசப் தொம்சன் அமெரிக்கக் கடற்படையில் வைத்தியராக இருந்து ஓய்வு பெற்றவர். 1930 இல் அவருக்கு ரங்கூனிலிருந்து ஒரு சிறிய கபில நிறப் பெட்டைப் பூனை கிடைத்தது. அதை அவர் சான் பிரான்சிஸ்கோவுக்குக் கொண்டு சென்றார். அதன் பெயர் வொங் மாவ். அக்காலத்தில் அமெரிக்கப் பூனைப் பிரியர்களுக்குத் தெரிந்த ஆசியப் பூனை சயாமியப் பூனை மட்டுமே. வொங் மாவைப் பார்த்தவர்கள் அதை நிறம் கூடிய ஒரு சயாமியப் பூனை என்றே நினைத்தார்கள். தொம்சன் அப்படி நினைக்கவில்லை. இது வேறு இனம் என்று காட்ட அவர் விரும்பினார்.

அமெரிக்காவில் வொங் மாவுக்கு இணையான கடுவன் இல்லை. ஆகவே டாய் மாவ் என்ற சயாமியக் கடுவனோடு சேர்த்தார்கள். பிறந்த குட்டிகளில் சில சயாமியக் குட்டிகள். சில தாயைப் போன்ற கபில நிறம். அந்தக் கபிலக் குட்டிகளில் யென் யென் மாவ் என்ற கடுவனைத் தாயான வொங் மாவோடே மீண்டும் சேர்த்தார்கள். இம்முறை மூன்று வகைக் குட்டிகள் வந்தன: சயாமிய வகை, தாயைப் போன்ற நடுநிறம், தாயைவிடக் கருமை கூடிய ஒரு வகை. அந்தக் கருங்கபிலக் குட்டிகளையே 'பர்மிஸ்' இனத்தின் தொடக்கம் என்று கொண்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இன்றைய விதிப்படி பார்த்தால் இனத்தின் மூலத் தாயான வொங் மாவ் ஒரு 'பர்மிஸ்' பூனையே அல்ல. அதன் உடலில் ஒரு பக்கம் சயாமிய நிறத்துக்கான மரபணு, மறுபக்கம் பர்மிய நிறத்துக்கான மரபணு. அது இரண்டும் கலந்த பூனை. தொம்சனும் அவரோடு வேலை செய்த மரபியலாளர்களும் இந்த முடிவை 1943 இல் ஒரு மரபியல் சஞ்சிகையில் எழுதினார்கள். வீட்டுப் பூனையின் நிறம் எப்படிப் பரம்பரையாகக் கடத்தப்படுகிறது என்பதை முறையாகச் சொன்ன ஆரம்பகால ஆய்வுகளில் அதுவும் ஒன்று.

ஒரே முதலில் தொடங்கிய வியாபாரம்

கணக்குப் படித்தவர்களாகிய எமக்கு இதைப் பார்த்ததும் தோன்றுவது ஒன்றுதான். ஒரு நிறுவனத்தை ஒரே ஒருவரின் சிறிய முதலில் தொடங்கி, வெளியார் முதல் எதையும் சேர்க்காமல், அதையே திரும்பத் திரும்பப் புரட்டினால் என்ன ஆகும்? நல்ல காலத்தில் நடக்கும். ஒரு இடி விழுந்தால் தாங்க ஒதுக்கம் இருக்காது.

அமெரிக்கப் பூனை ஆர்வலர் சங்கம் பர்மிஸ் இனத்தை 1936 இல் ஏற்றுக்கொண்டது. பூனைகளின் எண்ணிக்கை போதாததால் வளர்ப்பவர்கள் மீண்டும் மீண்டும் சயாமியப் பூனைகளோடு கலந்தார்கள். இது தூய இனம் அல்ல என்று சொல்லி 1947 இல் சங்கம் அங்கீகாரத்தை நிறுத்தி வைத்தது. மூன்று தலைமுறைக்கு வெளிக்கலப்பு இல்லாமல் வளர்த்துக் காட்டிய பின்னரே, 1950 களில், அங்கீகாரம் திரும்பக் கிடைத்தது. பிரித்தானியாவின் பூனைச் சங்கப் பேரவை 1952 இல் இந்த இனத்தை ஏற்றது.

'தூய்மை' என்ற சொல் இங்கே என்ன செய்தது என்று பாருங்கள். வெளியிலிருந்து புதுக் குருதி வருவதைக் குற்றமாக்கியது. சொந்தத்துக்குள்ளே திரும்பத் திரும்பக் கட்டி வைப்பதைத் தகுதியாக்கியது. சொந்தத்துக்குள் கலியாணம் என்றதும் வைத்தியர்கள் ஏன் குடும்ப நோய்களை விசாரிக்கிறார்கள் என்பது எமது மக்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு உயிரும் மறைந்திருக்கும் சில பழுதான மரபணுக்களைச் சுமக்கிறது. ஒரு பிரதி பழுதானாலும் மற்றப் பிரதி காப்பாற்றும். தாயும் தகப்பனும் நெருங்கிய உறவாக இருந்தால் பழுதான இரண்டு பிரதிகளும் ஒரே குட்டியில் சேரும் வாய்ப்புக் கூடுகிறது.

2008 இல் உலகின் பல பூனை இனங்களை மரபணு அடிப்படையில் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று வெளியானது. மரபணு வகைகள் மிகக் குறைந்திருந்த இனங்கள் இரண்டு: ஒன்று பர்மிஸ், மற்றது சிங்கபூரா. சிங்கப்பூரின் தெருப்பூனை என்று புகழப்பட்ட சிங்கபூராவும் மரபணுவில் பர்மிஸுக்கு மிக நெருங்கியதாகவே காணப்பட்டது. அந்த இனத்தின் மூலப் பூனைகள் சிங்கப்பூர்த் தெருவில் பிடிபட்டவை அல்ல, 1974 இல் அமெரிக்காவிலிருந்தே சிங்கப்பூருக்குள் கொண்டுவரப்பட்டவை என்பதை இறக்குமதிப் பத்திரங்கள் 1980 களில் காட்டிக்கொடுத்திருந்தன. ஆனாலும் சிங்கப்பூரின் சுற்றுலாத் துறை அந்தப் பூனையையே நாட்டின் சின்னம் போல் விளம்பரம் செய்தது.

குட்டை முகத்தின் விலை

முதற்காலத்துப் பர்மிஸ் பூனைகளின் படங்களைப் பார்த்தால் சாதாரணப் பூனை முகமே தெரியும். 1970 களில் அமெரிக்காவில் இந்த நிலை மாறியது. வட்டமான தலை, மிகக் குட்டையான மூக்கு, பெரிய கண்கள் கொண்ட ஒரு வகைப் பர்மிஸ் பூனை கண்காட்சிகளில் பரிசுகளை அள்ளத் தொடங்கியது. அதைப் 'புதுப்பாணி' என்றார்கள். பழைய முகத்தோடு இருந்தவற்றைப் 'பழைய பாணி' என்றார்கள். பரிசு வென்ற கடுவனிடம் எல்லோரும் தங்கள் பெட்டைகளைக் கொண்டுபோனார்கள். சில ஆண்டுகளில் அந்த முகம் அமெரிக்கா எங்கும் பரவியது.

அதோடு இன்னொன்றும் பரவியது. புதுப்பாணிப் பூனை இரண்டை ஒன்றாகச் சேர்த்த இடங்களில் தலை உருக்குலைந்த குட்டிகள் பிறந்தன. மேல்தாடை இரட்டையாக இருக்கும். கண்கள் உருவாகியிருக்காது. மண்டையோடு முழுமையாக மூடாமல் மூளைத் திசு வெளியே துருத்திக்கொண்டிருக்கும். சில குட்டிகள் உயிரோடும் பிறந்தன. அவை பிழைக்க வழியில்லை. மிருக வைத்தியர் ஊசி போட்டு முடித்துவைக்க வேண்டியிருந்தது.

காரணம் பல ஆண்டுகளுக்குப் பிறகே உறுதியானது. லெஸ்லி லையன்ஸ் என்ற பூனை மரபியலாளரின் தலைமையிலான குழு 2016 இல் வெளியிட்ட ஆய்வில், முகத்தின் அமைப்பைத் தீர்மானிக்கும் ஏ.எல்.எக்ஸ்.1 என்ற மரபணுவில் ஒரு சிறு துண்டு இழந்துபோயிருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. இதே மரபணு மனிதரில் பழுதானாலும் பிறக்கும் குழந்தையின் முகமும் மண்டையோடும் உருக்குலைகின்றன.

இனி இதன் கணக்கைப் பாருங்கள். அந்தப் பழுதான மரபணுவில் ஒரு பிரதி இருந்தால் பூனைக்குப் பரிசு வாங்கும் குட்டை முகம் கிடைக்கும். இரண்டு பிரதிகள் இருந்தால் குட்டி சாகும். ஒரு பிரதி உள்ள பெட்டையையும் ஒரு பிரதி உள்ள கடுவனையும் சேர்த்தால் சராசரியாக நாலு குட்டியில் ஒன்று உருக்குலைந்து பிறக்கும், இரண்டு குட்டை முகத்தோடு பிறக்கும், ஒன்று சாதாரண முகத்தோடு பிறக்கும். அழகுக்கு ஒரு மரபணு, நோய்க்கு இன்னொரு மரபணு என்று இங்கே இல்லை. எது அழகோ அதுவே நோய். ஆகவே நோயை விலக்கி அழகை மட்டும் வைத்திருக்கிறோம் என்று எந்த வளர்ப்பாளரும் சொல்ல முடியாது.

குட்டை முகப் பூனையைச் சாதாரண முகப் பூனையோடு மட்டும் சேர்த்தால் குட்டி சாவதில்லை என்று வளர்ப்பாளர்கள் கண்டுகொண்டார்கள். உண்மைதான். ஆனால் அப்படிப் பிறக்கும் குட்டிகளில் பாதி அந்த மரபணுவைச் சுமந்துகொண்டு அடுத்த வீட்டுக்கு விற்கப்படுகின்றன. கடன் தீரவில்லை, கைமாறுகிறது.

எமது தொழிலில் ஒரு விதி உண்டு. சொத்துக்களை மட்டும் எழுதிப் பொறுப்புக்களை எழுதாமல் விட்டால் அது ஐந்தொகை ஆகாது. பூனை வம்சாவளிப் பத்திரங்கள் அப்படித்தான் இருக்கின்றன. தாய் பெயர், தகப்பன் பெயர், பாட்டன் வாங்கிய பட்டங்கள் எல்லாம் தங்க எழுத்தில் இருக்கும். அதே ஈற்றில் பிறந்து இறந்த குட்டிகளுக்கு அதில் இடமில்லை. இறந்த குட்டிகளுக்கும் ஒரு நிரல் இருந்திருந்தால் 1970 களின் பரிசு முகம் இத்தனை வேகமாகப் பரவியிருக்காது என்பது எமது எண்ணம்.

பிரித்தானியா இந்த விடயத்தில் வேறு வழியில் போனது. அமெரிக்காவிலிருந்து வரும் பர்மிஸ் பூனைகளைப் பதிவு செய்வதில்லை என்று அங்குள்ள பேரவை முடிவு செய்தது. இதனால் பிரித்தானிய, ஐரோப்பிய, அவுஸ்திரேலியப் பர்மிஸ் பூனைகள் நீண்ட முகத்தோடு பழைய சாயலிலேயே இருக்கின்றன. இப்போது கன்னத்தின் உட்பக்கத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்து அனுப்பினாலே ஏ.எல்.எக்ஸ்.1 பழுது இருக்கிறதா என்று ஆய்வுகூடங்கள் சொல்லிவிடும்.

முகம் தப்பினாலும் தப்பாத கடன்கள்

முகம் நல்லதென்றால் எல்லாம் நல்லது என்று ஆகிவிடாது. குறுகிய குருதி வட்டத்தின் விளைவுகள் உடலுக்குள்ளும் இருக்கின்றன.

முதலாவது நீரிழிவு. அவுஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரித்தானியா ஆகிய நாடுகளில் பர்மிஸ் பூனைகளுக்கு நீரிழிவு வரும் அளவு மற்றப் பூனைகளை விடக் கூடுதலாக இருக்கிறது. பிரித்தானியாவில் காப்புறுதி செய்யப்பட்ட பூனைகளை வைத்து 2007 இல் வெளியான ஆய்வு, சாதாரணப் பூனைகளோடு ஒப்பிட்டால் பர்மிஸுக்கு ஆபத்து மூன்றரை மடங்குக்கும் மேல் என்று கண்டது. நீரிழிவோடு வாழும் எமது பெற்றோருக்குக் காலையும் மாலையும் இன்சுலின் ஊசி போடும் வீடுகளுக்கு, அதே வேலையைப் பூனைக்கும் செய்வதென்றால் என்ன என்று நாம் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாவது குருதியில் பொட்டாசியம் குறையும் பரம்பரை நோய். சில மாதக் குட்டியாக இருக்கும்போதே தசைகள் பலமிழக்கும். தலையை நிமிர்த்த முடியாமல் தாடை நெஞ்சில் படும்படி தொங்கும். நடை விறைக்கும். இதற்குக் காரணமான மரபணுவும் 2012 இல் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டு பிரதிகளும் பழுதானால் மட்டுமே நோய் வரும். ஆகவே பெற்றோர் இரண்டையும் பரிசோதித்துச் சேர்த்தால் இந்த நோயை அடுத்த தலைமுறையில் முற்றாகத் தவிர்க்கலாம்.

பரிசோதனையால் பயன் உண்டு என்பதற்குப் பேர்சியன் பூனை நல்ல உதாரணம். சிறுநீரகத்தில் நீர்க்கட்டிகள் வளர்ந்து கடைசியில் அதைச் செயலிழக்கச் செய்யும் பரம்பரை நோய் ஒரு காலத்தில் பேர்சியன் பூனைகளில் மூன்றில் ஒன்றுக்கும் மேல் இருந்தது. 2004 இல் அதற்கான மரபணு கண்டுபிடிக்கப்பட்டது. நோயுள்ள பூனைகளைப் பரிசோதித்து ஒதுக்கத் தொடங்கிய நாடுகளில் நோய் குறைந்தது. மனம் வைத்தால் திருத்தலாம்.

தட்டை முகம், மடிந்த காது

எமது வீடுகளுக்கு வரும் பூனைகளில் பர்மிஸ் குறைவு. பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் தட்டை முகப் பேர்சியனும் ஸ்கொட்டிஷ் மடிகாதுப் பூனையும்தான். பர்மிஸ் சொல்லும் பாடம் அவற்றுக்கு இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

பேர்சியனின் முகம் நூறு ஆண்டுகளுக்கு முன் இவ்வளவு தட்டையாக இருக்கவில்லை. எலும்பு குறுகியது, ஆனால் அதற்குள் இருக்க வேண்டிய தோலும் பல்லும் மென்மையான அண்ணமும் அதே அளவில் குறையவில்லை. மூக்குத் துவாரம் ஒடுங்கி மூச்சு இரைக்கிறது. கண்ணீர்க் குழாய் மடங்குவதால் கண்ணிலிருந்து ஓயாமல் நீர் வழிகிறது. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் பொருந்தாமல் சாப்பிடத் திண்டாடுகிறது. மிகத் தட்டையான முகமுள்ளவற்றில் மண்டையோட்டுக்குள் இடம் போதாமல் மூளையில் நீர் தேங்குவதையும் ஜெர்மனியில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 'குறட்டை விடுகிறது, எவ்வளவு செல்லம்' என்று காணொளி போடுகிறோம். அது மூச்சுக்குத் தவிக்கும் சத்தம்.

மடிகாதுப் பூனையின் கதை 1961 இல் ஸ்கொட்லாந்தில் தொடங்கியது. ஒரு பண்ணையில் இருந்த சூசி என்ற வெள்ளைப் பூனையின் காதுகள் முன்பக்கம் மடிந்திருந்தன. அதன் வம்சத்திலிருந்து இந்த இனத்தை உருவாக்கினார்கள். காது ஏன் மடிகிறது? காதைத் தாங்கும் கசியிழையம் பலமில்லாததால். அந்தப் பழுது காதோடு நிற்பதில்லை. கால், வால், முதுகு என்று கசியிழையம் உள்ள இடமெல்லாம் அது இருக்கிறது. மூட்டுக்கள் தடித்து, எலும்போடு எலும்பு ஒட்டி, பூனை நொண்டுகிறது. ஒரு பிரதி போதும். காது மடிந்த பூனை எல்லாவற்றிலும் இந்த நோய் ஏதோ ஒரு அளவில் இருக்கிறது. 2016 இல் இதற்கான மரபணுவும் கண்டுபிடிக்கப்பட்டது. இந்த இனம் பிறந்த பிரித்தானியாவிலேயே பிரதான பேரவை 1970 களின் தொடக்கத்தில் இதைப் பதிவு செய்வதை நிறுத்திவிட்டது.

எமக்குத் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம் மகளின் பிறந்த நாளுக்கு இப்படி ஒரு குட்டியை வாங்கியது. இரண்டு வயது வரை அது அமைதியான பூனை என்றே எல்லோரும் சொன்னார்கள். மூன்றாவது வயதில் அது சோபாவில் ஏறுவதை நிறுத்தியது. மண் தட்டின் விளிம்பைத் தாண்ட முடியாமல் வெளியே சிறுநீர் கழித்தது. படம் எடுத்துப் பார்த்தபோது பின்னங்கால் மூட்டுக்கள் இறுகியிருந்தன. அமைதி என்று அவர்கள் நினைத்தது வலி. பூனை வலியைக் காட்டிக்கொள்ளாத பிராணி. நாயைப் போல் முனகாது, ஒதுங்கிப் படுத்துவிடும். இன்று அந்தப் பிள்ளை தன் பகுதிநேர வேலைச் சம்பளத்தில் மாதாமாதம் வலி மருந்துக்குக் கட்டுகிறாள். வாங்கிய விலையை மருந்துச் செலவு எப்போதோ தாண்டிவிட்டது. விற்றவரின் தொலைபேசி இலக்கம் இப்போது பாவனையில் இல்லை.

சட்டங்கள் என்ன சொல்கின்றன

ஐரோப்பாவில் இது பற்றிய பொது உடன்பாடு 1987 இலேயே ஸ்ட்ராஸ்பேர்க்கில் எழுதப்பட்டது. செல்லப் பிராணிகளைப் பாதுகாக்கும் அந்த ஐரோப்பிய உடன்படிக்கையின் 5 ஆவது உறுப்புரை, தாயினதும் குட்டியினதும் நலத்தைப் பாதிக்கக்கூடிய உடல், நடத்தை இயல்புகளை இனவிருத்தி செய்பவர் கவனிக்கப் பொறுப்புள்ளவர் என்கிறது.

ஜெர்மனியில் விலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 11 பி பிரிவு, குட்டிகளுக்கு வலியோ துன்பமோ பழுதோ வரும் என்று எதிர்பார்க்கக்கூடிய இனவிருத்தியைத் தடை செய்கிறது. மக்கள் பேச்சில் அதை 'வதை வளர்ப்பு' என்ற பொருள்படும் சொல்லால் அழைக்கிறார்கள். மீசை முடிகூட இல்லாத பூனைகளை வைத்து இனவிருத்தி செய்வதற்கு எதிரான உத்தரவை 2015 இல் பேர்லின் நிர்வாக நீதிமன்றம் உறுதி செய்தது. மீசை முடி பூனைக்கு அலங்காரம் அல்ல. இருட்டில் வழி காட்டும் உணர்வுறுப்பு.

சுவிற்சர்லாந்தில் 2015 முதல் நடைமுறையிலுள்ள ஒழுங்குவிதி, பரம்பரைப் பாதிப்பின் கடுமையை வைத்துப் பிராணிகளைத் தரம் பிரிக்கிறது. கடுமையான தரத்தில் வருவனவற்றை இனவிருத்தி செய்ய முடியாது. நெதர்லாந்து 2014 முதல் மடிகாதுப் பூனை போன்றவற்றை இனவிருத்தி செய்வதைத் தடுத்தது. 2026 ஜனவரி 1 முதல் மடிகாது, முடியில்லாப் பூனைகளை வீட்டில் வைத்திருப்பதற்கே தடை. அதற்கு முன் பிறந்து சில்லுப் பொருத்தப்பட்ட பூனைகளை மட்டும் சாகும் வரை வைத்திருக்கலாம். அவுஸ்திரேலியாவில் எமது மக்கள் அதிகம் வாழும் விக்ரோரியா மாநிலத்திலும் மடிகாதுப் பூனையை இனவிருத்தி செய்வது சட்டவிரோதம்.

சட்டம் ஓரளவுக்குத்தான் உதவும். ஒரு நாட்டில் தடுத்தால் எல்லை தாண்டி விற்கிறார்கள். வாங்க ஆள் இருக்கும் வரை விற்பனையும் இருக்கும். முகப்புத்தகத்தில் நாம் போடும் ஒவ்வொரு விருப்பக்குறியும் அந்தச் சந்தைக்கு விளம்பரம்தான்.

பிறந்த மண்ணுக்குத் திரும்பிய பூனைகள்

பர்மிஸ் கதைக்கு ஒரு பின்னுரை உண்டு. மேற்கு நாடுகளில் இந்த இனம் புகழ்பெற்ற காலத்தில் மியன்மாரில் இது ஏறக்குறைய இல்லாமலே போயிருந்தது. யாங்கோன் தெருக்களிலும் மடாலயங்களிலும் இருப்பவை எல்லா நிறத்திலும் கலந்த சாதாரணப் பூனைகள். 2008 அளவில் ஷான் மாநிலத்து இன்லே ஏரிக் கரையில், இந்தா மக்களின் மரபைக் காக்க அமைக்கப்பட்ட ஒரு இல்லத்துக்குப் பிரித்தானியாவிலிருந்தும் அவுஸ்திரேலியாவிலிருந்தும் சில பர்மிஸ் பூனைகள் கொண்டுவரப்பட்டன. அங்கே அவை பெருகின. சுற்றுலாப் பயணிகள் பார்க்கும் இடமாகவும் அது ஆனது.

ஊரை விட்டு வந்த எம்மைப் போன்றவர்களுக்கு, எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஊர் திரும்பிய ஒரு இனத்தின் செய்தி மனதைத் தொடும். ஆனால் திரும்பி வந்தது 1930 இல் போன பூனை அல்ல. அந்நிய நாட்டுக் கண்காட்சி விதிகளுக்குள் வடிக்கப்பட்டு, குறுகிய குருதியோடு வந்த பூனை. ரங்கூன் தெருவில் வொங் மாவோடு திரிந்த பெயரில்லாத பூனைகளின் விரிந்த மரபு இன்றும் அங்கே இருக்கிறதென்றால், அது அந்தத் தெருப்பூனைகளின் உடலில்தான் இருக்கிறது. வம்சாவளிப் பத்திரம் அவற்றுக்கு இல்லை.

குட்டி வாங்கும் முன்

வீட்டில் பூனை வேண்டும் என்று பிள்ளை கேட்டால் முதலில் உள்ளூர் விலங்குக் காப்பகத்துக்குப் போங்கள். கலப்புப் பூனை பெரும்பாலும் உரமானது, விலையும் குறைவு, ஒரு உயிருக்கு வீடும் கிடைக்கும்.

இனப்பூனைதான் வேண்டும் என்றால் பின்வருவனவற்றை விற்பவரிடம் கேளுங்கள்.

தாய்ப் பூனையை அதன் வீட்டில் நேரில் பார்க்கலாமா? பார்க்கும்போது அது வாய் திறந்து மூச்சு விடுகிறதா, கண்ணில் நீர் வழிகிறதா, தயக்கமின்றித் தாவி ஏறுகிறதா என்று கவனியுங்கள்.

தாய்க்கும் தகப்பனுக்கும் என்ன மரபணுப் பரிசோதனைகள் செய்தீர்கள்? முடிவுகளைக் கடதாசியில் காட்ட முடியுமா? பர்மிஸ் என்றால் முகப் பழுது, பொட்டாசியக் குறைவு இரண்டுக்கும் பரிசோதனை இருக்கிறது. பேர்சியன் என்றால் சிறுநீரக நீர்க்கட்டி.

தாயும் தகப்பனும் எவ்வளவு நெருங்கிய உறவு? பத்திரத்தில் ஒரே பெயர் இரண்டு பக்கமும் வருகிறதா?

கடைசியாக, பலர் கேட்கத் தயங்கும் கேள்வி: இந்தத் தாய் இதுவரை எத்தனை குட்டி போட்டது, அதில் எத்தனை இறந்தன, எப்படி இறந்தன? நேர்மையான வளர்ப்பாளர் பதில் வைத்திருப்பார். சினப்பவரிடம் வாங்காதீர்கள்.

மடிகாது, குட்டைக்கால் ஆகியவற்றுக்கு இந்தக் கேள்விகளும் தேவையில்லை. அங்கே பழுதுதான் விற்பனைப் பொருள். அவற்றை வாங்காமல் விடுவதே நல்லது.

ஏற்கனவே இப்படி ஒரு பூனை உங்கள் வீட்டில் இருந்தால் அதை வெறுக்கவோ கைவிடவோ வேண்டாம். அது எந்தத் தவறும் செய்யவில்லை. உடல் பருக்க விடாதீர்கள். பாரம் கூடினால் மூச்சும் மூட்டும் மேலும் வருந்தும். மண் தட்டின் விளிம்பு பதிவாக இருக்கட்டும். ஏறுவதற்குப் படி வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மிருக வைத்தியரிடம் காட்டி வலி இருக்கிறதா என்று கேளுங்கள். கருத்தடை செய்துவிடுங்கள், 'ஒரு ஈற்றுக் குட்டி எடுத்து விற்றால் வாங்கிய காசு திரும்பும்' என்று சொல்லும் உறவினர் எமது வீடுகளில் எப்போதும் ஒருவர் இருப்பார். அவருக்கு நாலு குட்டியில் ஒன்றின் கணக்கைச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லுங்கள். அவர்கள் எம்மைவிட வேகமாகப் புரிந்துகொள்வார்கள்.